ஆஜராகவில்லை என்று நான் அடித்த வரி

1. மேஜைக்கு முன்னால்

வரவில்லை என்று நான் டைப் அடித்திருந்த பெண் என் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் நான் அடித்த அதே தாள்.

"அய்யா, அன்னைக்கு நான் வரலைன்னு இதுல போட்டிருக்காமே. எங்க கோயில் உபதேசியாரு வாசிச்சுச் சொன்னாரு. அப்ப முசாபரி பங்களாவுல ஒங்க முன்னாடி வந்து நின்னது யாரு?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்க ஆபீசில் ஆயிரம் வழி உண்டு. இவரோ உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள வந்தவராகக் கேட்டார். நான் தாளை வாங்கிப் படிப்பதுபோல் பாவனை செய்தேன். படிக்க என்ன இருக்கிறது, அடித்ததே நான்தானே.

அவர் பெயர் சவரியம்மாள். போடிநாயக்கனூரில் ஏலக்காய் வெளுக்கும் கொட்டகை வைத்திருந்தார். நான் டிவிஷனல் ஆபீசில் பெஞ்ச் கிளார்க். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. அடிதடி, திருட்டெல்லாம் அதற்குள் வேறு கோர்ட்டுகளுக்குப் போய்விட்டன. பாதையை அடைத்தான், சாக்கடையைத் திருப்பினான், ஊர் நடுவில் புகை விடுகிறான் என்று வரும் பொதுத் தொல்லை வழக்குகள் மட்டும் எங்கள் டிவிஷனல் ஆபீசரிடமே இருந்தன. அந்த வழக்குகளுக்கு அவர்தான் மாஜிஸ்திரேட். அவருக்கு வலது கை நான். அப்படித்தான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. என் கெட்டிக்காரத்தனம்

இன்று வேலைக்குச் சேருகிறவர்களுக்காக முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொல்லை என்று மனு வந்தால் மாஜிஸ்திரேட் முதலில் ஒரு நிபந்தனை உத்தரவு போடுவார். "இத்தனை நாளைக்குள் இதை அகற்று. இல்லாவிட்டால் இன்ன தேதியில் வந்து, ஏன் அகற்ற வேண்டாம் என்று சொல்." ஆள் வராவிட்டால் உத்தரவு உறுதியாகிவிடும். வந்தால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், இரண்டு பக்கத்துச் சாட்சியையும் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் உறுதி செய்வதோ கைவிடுவதோ. ஒருவருடைய சுவரை இடிக்கவும் அடுப்பை அணைக்கவும் அதிகாரம் கொடுத்த சட்டம், அதற்கு முன்னால் அவரைப் பேச விடு என்று இந்த ஒரு கட்டுப்பாட்டை வைத்திருந்தது.

மாதம் ஒருமுறை போடிக்குக் கேம்ப் போவோம், அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களாவில் விசாரணை நடக்கும். ஆபீசில் இருந்ததோ ஒரே ஒரு டைப்ரைட்டர். அதை ஒருமுறை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதில் குலுங்கிக் குலுங்கி மேல்பாகம் கழன்று என் மடியில் விழுந்தது. இனி மிஷின் இந்த அறையை விட்டு நகரக் கூடாது என்று ஹெட் கிளார்க் சுந்தரம் சொல்லிவிட்டார். ஆகவே கேம்பில் போடும் உத்தரவுகளைக் கையால் எழுத வேண்டும், திரும்பி வந்து அடிக்க வேண்டும், மறுபடி கையெழுத்துக்கு அலைய வேண்டும். ஒரு பைலுக்கு ஒரு வாரம் போய்விடும்.

இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏல சீசனில் போடிக்காரர்களில் பாதிப் பேர் மலையில்தான் இருப்பார்கள். நோட்டீஸ் கொண்டுபோகிற டவாலி பூட்டிய கதவில் ஒட்டிவிட்டு வந்துவிடுவார். தேதியன்று யாரும் வர மாட்டார்கள். இரண்டு மூன்று சீசன் பார்த்தேன், ஒருவர்கூட வரவில்லை. எனவே கேம்புக்குக் கிளம்பும் முன்பே இறுதி உத்தரவையும் அடித்து எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். "எதிர்மனுதாரர் அழைக்கப்பட்டும் ஆஜராகவில்லை. காரணம் எதுவும் காட்டவில்லை. உத்தரவு உறுதி செய்யப்படுகிறது." அந்தக் காலத்தில் எல்லாம் இங்கிலீஷில்தான். எனக்கு அந்த மூன்று வரியும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வரும்.

இதைக் குறுக்கு வழி என்று நான் நினைக்கவில்லை. திறமை என்று நினைத்தேன். ஜில்லாவிலேயே நிலுவை இல்லாத பெஞ்ச் கிளார்க் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயர் தலைக்கு ஏறியிருந்தது.

3. வந்தவர்

சவரியம்மாள் மேல் மனு கொடுத்தவர் பக்கத்து வீட்டு மளிகைக்கடை முத்தையா. தெருக்காரர்கள் சிலரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏலக்காய் வெள்ளை வெளேர் என்று இருந்தால்தான் வியாபாரிகள் விரும்புவார்கள். அதற்காகக் காயை ஒரு அறையில் பரப்பி, கந்தகத்தைப் பற்ற வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தக் கந்தகப் புகை வீட்டுக்குள் வருகிறது, என் மனைவிக்கு இளைப்பு, மூச்சுவிட முடியவில்லை என்பது முத்தையாவின் மனு. மனு எழுதிக் கொடுத்தவர் தாராளமாகக் கை வீசி, 'மேற்படி கொட்டகை முழுவதையும் அகற்ற' என்று கேட்டிருந்தார். நிபந்தனை உத்தரவும் அப்படியே போயிற்று.

டவாலி நோட்டீஸைக் கொட்டகைக் கதவில் ஒட்டிவிட்டு வந்தார். சவரியம்மாள் காய் வாங்க மலைக்குப் போயிருந்தார். நானும் என் வழக்கப்படி இறுதி உத்தரவை அடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் வந்துவிட்டார். கொட்டகையில் காய் பிரிக்கிற பெண்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மலைமேல் இருக்கும் போடிமெட்டிலிருந்து லோடு ஜீப்பில் மூட்டைமேல் உட்கார்ந்து இறங்கி வந்திருந்தார். சாட்சிக்கு மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆஜர் தாளில் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஆபீசர் கூப்பிட்டு, "உங்க ஆட்சேபணை என்னம்மா?" என்று கேட்டார். அவர் "அய்யா, கந்தகத்தப் பத்தித்தான்..." என்று தொடங்கினார். அப்போது ஒரு சீட்டு வந்தது. மலை ரோட்டில் மண் சரிந்து பஸ் நிற்கிறது, உடனே வர வேண்டும் என்று. ஆபீசர் எழுந்துவிட்டார். சவரியம்மாள் பேசிக்கொண்டே இருந்தார். ஆபீசர் சீட்டைப் பார்த்தபடியே, "சரிம்மா, பார்க்கிறேன். நீங்க போகலாம்" என்றார். அந்த மூன்று பெண்களும் தாழ்வாரத்தில் நின்றுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.

ஜீப்பில் ஏறுவதற்கு முன் ஆபீசர், "கையெழுத்து ஏதாவது இருக்கா? வெரசா கொண்டா" என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பேச்சை அவரும் கொஞ்சம் பிடித்திருந்தார். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி தாள்களை அடுக்கி நீட்டுவது பெஞ்ச் கிளார்க்கின் கைப்பழக்கம். நீட்டினேன். நான்காவது தாள் சவரியம்மாளுடையது.

கவனிக்காமல் நீட்டிவிட்டேன் என்று பல வருஷம் பிறரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். 'ஆஜராகவில்லை' என்ற வரி என் கண்ணில் பட்டது. எடுத்துவிடலாமா என்றும் தோன்றியது. எடுத்தால் கேஸ் அடுத்த மாதத்துக்குப் போகும், நிலுவையில் ஒன்று ஏறும். எப்படியும் உறுதியாகப் போகிற உத்தரவுதானே என்று விட்டுவிட்டேன். ஆபீசர் கையெழுத்துப் போட்டார்.

4. சுந்தரம் சொன்ன யோசனை

பத்து நாளைக்குள் கொட்டகையை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து பிரித்துவிடுவார்கள் என்று உத்தரவு. அதைத்தான் சவரியம்மாள் என் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தார். நாலு நாள் ஏற்கெனவே போயிருந்தது. சீசன் நடுவில் கொட்டகை போனால் அடுத்த சீசனுக்கு ஒரு வியாபாரியும் திரும்பிப் பார்க்க மாட்டான், காய் பிரிக்கிற பெண்களுக்கும் சோலி இல்லை என்றார்.

நான் எழுந்து ஹெட் கிளார்க் சுந்தரத்திடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பதறவில்லை. முப்பது வருஷ சர்வீஸ்காரர்.

"ஆஜர் தாள்ல அந்தம்மா கையெழுத்து இருக்கா?"

"இருக்கு சார்."

"அது இருந்து உத்தரவு இப்படி இருந்தா நம்ம தலை உருளும்ப்பா. புதுத் தாள் ஏத்து. ஆஜரானார், சொன்னதைக் கேட்டோம், ஏற்கத்தக்கதா இல்லைன்னு அடி. பழைய தேதியே போடு. கையெழுத்து வாங்குறது என் பொறுப்பு. திருத்தித் தர்றோம்னு சொல்லி அந்தம்மா கையில இருக்கிற காப்பிய வாங்கிடு."

திரும்பி வந்து, "கொடுங்கம்மா, திருத்தணும்" என்றேன்.

சவரியம்மாள் முகம் தெளிந்துவிட்டது. "திருத்தித் தருவீகளா? நான் அப்பவே சொன்னேன், அய்யாமாரு வேணும்னு செஞ்சிருக்க மாட்டாகன்னு. இந்தாங்க." தாளைக் கொடுத்துவிட்டு வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். திருத்துவது என்றால் கேஸைத் திரும்ப விசாரிப்பது என்று நினைத்துவிட்டார்.

மிஷினில் தாளை ஏற்றினேன். 'எதிர்மனுதாரர் ஆஜரானார்' என்று அடித்தேன். 'அவர் கூறிய காரணங்களாவன' என்று அடித்தேன். அதோடு விரல் நின்றுவிட்டது.

என்ன காரணம் சொன்னார்? எனக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. "அய்யா, கந்தகத்தப் பத்தித்தான்" என்பது வரை காதில் விழுந்திருந்தது. அதற்கப்புறமும் அவர் பேசிக்கொண்டிருந்தார், வாய் அசைந்தது தெரியும். நான் பைலைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஆபீசர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், இரண்டு பேரும் கேட்கவில்லை.

வராந்தாவுக்குப் போய் அவரிடமே கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். அவர் வாயாலேயே சொல்ல வைத்து, அதை எழுதிக்கொண்டு வந்து, ஏற்கத்தக்கதாக இல்லை என்று நானே முடிவும் அடிக்க வேண்டும். எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது. முதல் தப்பையாவது சோம்பல் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் சொல்லிக்கொள்வது? தாளை உருவினேன். பழைய தாளையும் புதிய தாளையும் எடுத்துக்கொண்டு ஆபீசர் அறைக்குள் போனேன். சுந்தரம் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது. நான் நிற்கவில்லை.

5. ஆபீசர் எழுதியது

எங்கள் ஆபீசருக்கு வயது முப்பதுகூட இருக்காது. அதிகம் பேச மாட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடாமல் கையில் பிடித்தபடி இருந்தார்.

"இந்த மாதிரி முன்னாடியே அடிச்சு எத்தனை கையெழுத்து வாங்கியிருக்கே?"

"இருக்கு சார். ஆனா அவங்க யாரும் வரலை."

"வந்திருந்தா?"

கையிலிருந்த இரண்டு தாளையும் அவர் மேஜைமேல் வைத்தேன்.

சவரியம்மாளை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்காரவில்லை. "அன்னைக்கு நீங்க பேசினதை நான் காதுல வாங்கலைம்மா. தப்பு என்னுது" என்றார் ஆபீசர். ஒரு மாஜிஸ்திரேட் இப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சவரியம்மாளும் அதை எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், திரும்ப ஆபீசரைப் பார்த்தார்.

"அப்ப அதக் கிழிச்சுப் போட்டுட்டு இப்பக் கேளுங்கய்யா."

"அது என்னால முடியாதும்மா. கையெழுத்துப் போட்ட உத்தரவை நானே மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. மேலேதான் ரத்து பண்ணணும். நான் எழுதுறேன். அதுவரைக்கும் உங்க கொட்டகையில யாரும் கை வைக்க மாட்டாங்க."

சொன்னபடி அன்றைக்கே எழுதினார். என்னிடம் அடிக்கக் கொடுக்கவில்லை, கையாலேயே எழுதினார். எதிர்மனுதாரர் ஆஜரானார், நான் அவரைக் கேட்கவில்லை, சாட்சியும் எழுதவில்லை, படிக்காமல் கையெழுத்திட்டேன், இந்த உத்தரவு நிற்கத் தகாது என்று நேராக எழுதியிருந்தார். கிளார்க் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு வரி போட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார். போடவில்லை. என்னிடம் தனியாக விளக்கம் கேட்டு, என் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கண்டனம் ஏற்றினார். அது எனக்கு வேண்டியதுதான். மேலேயிருந்து அவருக்கும் ஏதோ வந்தது என்று கேள்வி, அவர் சொன்னதில்லை.

கலெக்டர் வழியாக அது ஹைகோர்ட்டுக்குப் போய், உத்தரவு ரத்தாகி, புதிதாக விசாரி என்று திரும்பி வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. அதற்கிடையில் ஒரு நாள் முத்தையா ஆபீசுக்கு வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய்யா, ஒங்க பேப்பர்ல ஏதோ கோளாறாம், அதனால கேஸு நிக்குதாம். எம் பொண்டாட்டி மூச்சுக்கு ஏங்கிக்கிட்டுக் கெடக்கா. இத்தன நாளுக்கு யாரு பதில் சொல்றது?"

இது எனக்கு அதுவரை உறைக்கவில்லை. சவரியம்மாளுக்கு அநியாயம் செய்தேன் என்றுதான் வருந்திக்கொண்டிருந்தேன். முறையாக விசாரித்திருந்தால் இந்த மனுஷனுக்கும் அடுத்த மாதமே ஒரு வழி பிறந்திருக்கும். ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு நோயாளிக்கு மூன்று மாதப் புகையைக் கொடுத்திருக்கிறேன். அவரிடம் "என் தப்புதான்" என்றேன். அவர் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

6. விசாரணை

மார்கழிக் கேம்பில் எடுத்துக்கொண்டோம். அன்றைக்கு வேறு கேஸ் எதுவும் போடவில்லை. நான் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் மைக்கூடும் மட்டும் கொண்டுபோனேன். வக்கீல் யாரும் இல்லை. முத்தையா சொன்னதை எழுதினேன். பிறகு சவரியம்மாள் அவரைக் கேள்வி கேட்கலாம் என்றார் ஆபீசர்.

"அண்ணே, நான் ஒங்களக் கொற சொல்ல வரல. பொக எந்நேரத்துல வருது?"

"பொழுது சாயத்தான் தங்கச்சி. விளக்கு வைக்கிற நேரம். பகல்ல ஒன்னும் தெரியல."

சவரியம்மாள் யோசித்தார். "நான் காலைல பத்த வச்சு, சாயங்காலம் கதவத் திறக்குறேன். திறக்கையிலதான் பொக வெளியேறும். மலைக்காத்து எறங்குற நேரமாப் பாத்துத் திறந்தா அடிச்சுட்டுப் போயிரும்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"அடிச்சுட்டு எங்க போகும்? கெழக்க எங்க வீடுதானே இருக்கு!"

தாழ்வாரத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சவரியம்மாள் சிரிக்கவில்லை. "நல்லதுன்னு செஞ்சதுதான் அண்ணே. கதவத் திறந்துட்டு நான் அந்தப் பக்கம் போயிருவேன். ஒங்க வீட்டுக்குள்ள வந்து யாரு பாத்தா" என்றார். எழுதிக்கொண்டிருந்த எனக்கே முகம் சுட்டது. இரண்டு பேரையும் ஒரே அறையில் நிற்க வைத்து ஒரு கேள்வி கேட்க விட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஆபீசர் முத்தையாவிடம், "கொட்டகையில பெண்கள் காய் பிரிக்கிறாங்களே, அதனால உங்களுக்குத் தொந்தரவு உண்டா?" என்று கேட்டார்.

"அதுல என்னய்யா தொந்தரவு? அதுக பாட்டுக்குச் சோலியப் பாக்குதுக. கந்தகம்தான் எனக்கு ஆகாது."

"மனுவுல கொட்டகை முழுவதையும் எடுக்கணும்னு இருக்கே?"

"அது எழுதுனவரு எழுதுனது. நான் கையெழுத்துத்தான் போட்டேன்."

நான் தலை நிமிரவில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்டதில் அவரும் எங்கள் கூட்டாளி ஆகிவிட்டார்.

அந்த மூன்று பெண்களையும் இந்த முறை உள்ளே கூப்பிட்டு ஒவ்வொருவராக விசாரித்தோம். ஒவ்வொரு சாட்சியத்தையும் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்தோ ரேகையோ வாங்கினேன். சவரியம்மாள் தன்னுடையதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

ஆபீசர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு உத்தரவை எழுதினார். அதைப் போடியிலேயே, இருவரையும் வைத்துக்கொண்டு, நான் தமிழில் சொன்னேன். காய் பிரிக்கும் கொட்டகை அப்படியே இருக்கலாம். கந்தக அறை மட்டும் சீசன் முடிந்ததும் ஊருக்கு வெளியே போய்விட வேண்டும். அதுவரை காற்று மலைப்பக்கம் போகும் உச்சிப்பொழுதில்தான் கதவைத் திறக்க வேண்டும், பொழுது சாயத் திறக்கக் கூடாது.

முத்தையா கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்.  வெளுப்புத்தான் சவரியம்மாளுடைய தொழிலின் உயிர். ஊருக்கு வெளியே சிலமலை ரோட்டில் இடம் தேட வேண்டும், புதிதாக அறை எழுப்ப வேண்டும், காயை அங்கும் இங்கும் தூக்க வேண்டும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"இதுக்கு மேலேயும் போகலாம்மா. அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு" என்றார் ஆபீசர்.

"எதுக்குங்கய்யா? அண்ணன் வீட்டுக்குள்ள பொக போறது நெசந்தானே. நான் சொன்னதும் அதுல இருக்கு, அவரு சொன்னதும் இருக்கு. ரெண்டையும் வச்சுத்தான தீத்திருக்கீக." சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு நான் வரவே இல்லைன்னு எழுதிப்புட்டு, எங் கொட்டகையவும் கந்தக ரூம்பையும் சேத்து எனக்கே குடுத்திருந்தாலும் எம் மனசு ஆறியிருக்காதுங்கய்யா."

 காப்பி பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க நீட்டிய தாளில், பழையபடி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, முத்தையாவோடு பேசிக்கொண்டே போனார். சீசன் முடிந்த வாரமே அறையை அவரே ஆள் வைத்துப் பிரித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு நினைவூட்டல்கூடப் போகவில்லை.

அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். நிலுவைப் பட்டியலில் எப்போதும் நாலைந்து இருந்துகொண்டே இருக்கும். வருகிற ஒவ்வொரு ஆபீசரும் அதற்காக என்னைக் கடிந்துகொண்டார்.  கேஸில் தோற்கிறவரை நம்மால் ஜெயிக்க வைக்க முடியாது. அவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க முடியும். பெஞ்ச் கிளார்க்கின் வேலையில் எனக்குத் தெரிந்த நியாயம் அவ்வளவுதான்.